கெமராவும் ஓர் அமானிதம்

"பிள்ளை என்ன படிக்கிறது?" என்று வீட்டுக்கு வரும் உறவினர் கேட்கும்போது, மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று சொல்லக் கூடிய பெற்றோருக்குப் பதில் இலேசானது. "படம் எடுக்கப் படிக்கிறாள்" என்று சொல்ல வேண்டிய உம்மாமாரின் நிலைதான் சங்கடமானது. கேட்டவர் சற்று நேரம் பேசாதிருந்து விட்டு, "ஏன், வேறொன்றும் கிடைக்கவில்லையா?" என்பார். அந்தக் கேள்வியைக் குறை சொல்வதற்கில்லை. சினிமா என்றால் ஆட்டமும் பாட்டமும் அடிதடியும்தான் என்றே நம் வீடுகளில் பலரும் கண்டு வந்திருக்கிறார்கள். கேட்பவரின் கவலை நியாயமானதே.

திரைப்படக் கலை பயிலும் மாணவி என்ற முறையில், குறும்படம் ஒன்றை நெறியாள்கை செய்வது என்றால் என்ன என்பது பற்றி இம்மாதம் எழுத நினைக்கிறேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பணி. அதில் நான் நுழையவில்லை. கெமராவைக் கையில் எடுத்தவருக்கு, அதன் முன்னால் நிற்பவர் மீது என்ன கடமை இருக்கிறது என்பதே என் பேச்சு. கைத்தொலைபேசி வடிவில் எல்லார் கையிலும் ஒரு கெமரா வந்து விட்ட இக்காலத்தில், இது மாணவர்களுக்கு மட்டும் உரிய விடயமும் அல்ல.

நெறியாளர் என்றால் கதிரையில் அமர்ந்து கட்டளையிடுபவர் என்று பலரும் எண்ணுகின்றனர். வகுப்பில் சேரும்போது எங்களில் பலருக்கும் அந்த எண்ணமே இருந்தது. அதை முதலில் மாற்றியது, ஆரம்ப மாதத்தில் எங்களுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்ட ஒரு சிறிய ஈரானியப் படம்.

பாணும் ஒழுங்கையும்

அப்பாஸ் கியாரொஸ்தமி 1940இல் தெஹ்ரானில் பிறந்தவர். தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார். படிப்புச் செலவுக்காகப் போக்குவரத்துப் பொலிஸ் திணைக்களத்தில் வேலை செய்தார். பிறகு பல ஆண்டுகள் விளம்பரப் படங்கள் எடுத்தார். ஈரானில் சிறுவர்களின் அறிவு வளர்ச்சிக்கென 1965இல் 'கானூன்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. நூலகங்களும் சிறுவர் நூல் வெளியீடுமே அதன் முதற்பணிகள். அங்கே திரைப்படப் பிரிவொன்றை ஏற்படுத்துவதில் கியாரொஸ்தமியும் பங்கு கொண்டார். அப்பிரிவுக்காக 1970இல் அவர் எடுத்ததே அவரது முதற்படம். அதன் பெயரை நம் வழக்கில் 'பாணும் ஒழுங்கையும்' எனலாம். கறுப்பு வெள்ளைப் படம். ஏறத்தாழப் பத்து நிமிடங்களே ஓடும்.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு சிறுவன் பாண் வாங்கிக் கொண்டு வீட்டுக்கு வருகிறான். ஒழுங்கையில் ஒரு நாய் அவனை மறிக்கிறது. பயந்து நிற்கிறான். ஒரு முதியவர் அவ்வழியே வர, அவர் பின்னால் ஒட்டிக் கொண்டு நடக்கிறான். முதியவரோ இடையில் வேறு பக்கம் திரும்பி விடுகிறார். வேறு வழியில்லாமல் சிறுவன் பாணில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்குப் போடுகிறான். நாய் வாலை ஆட்டிக் கொண்டு அவன் வீடு வரை வருகிறது. சிறுவன் உள்ளே போய் விடுகிறான். நாய் வாசலில் படுத்துக் கொள்கிறது. அப்போது கையில் கிண்ணத்துடன் வேறொரு சிறுவன் அந்த ஒழுங்கைக்குள் வருகிறான். நாய் மீண்டும் எழுகிறது. படம் முடிந்து விடுகிறது.

பால் வாங்கவோ பாண் வாங்கவோ போய், நாய்க்குப் பயந்து ஒழுங்கை முனையில் நிற்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? இருந்தும் அதைப் படமெடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் கடைசிக் காட்சி எடுக்கப்பட்ட கதைதான் மாணவர்களாகிய எங்களுக்குப் பாடம். அனுபவமுள்ள ஒளிப்பதிவாளர், காட்சியைத் துண்டு துண்டாக எடுப்போம் என்று வற்புறுத்தினார். சிறுவன் வருவது ஒரு துண்டு, அவனது கை ஒரு துண்டு, நாய் படுப்பது ஒரு துண்டு. பின்னர் ஒட்டிக் கொள்ளலாம். வழமையான முறையும் அதுதான். கியாரொஸ்தமியோ, சிறுவனும் நாயும் ஒன்றாக வந்து, சிறுவன் உள்ளே போக, நாய் தானாகவே வாசலில் படுப்பதை ஒரே காட்சியாக எடுக்க வேண்டும் என்றார். சிறு பிள்ளைக்கும் நாய்க்கும் கட்டளையிட்டு அதைச் செய்விக்க முடியாது. அந்த ஒரு காட்சிக்காக நாற்பது நாட்கள் காத்திருக்க வேண்டி வந்ததாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். நாயையும் மாற்ற வேண்டி வந்ததாம்.

இன்றைய மாணவர்கள் இன்னொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். அக்காலத்தில் ஒரு நிமிடப் படத்துக்கு முப்பத்தைந்து மில்லிமீற்றர் பிலிம் 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்து போகும். ஒவ்வொரு அடிக்கும் பணம். ஆகவே கெமராவை ஓட விடுவதற்கு முன் பல தடவை யோசித்தார்கள். இன்று நாம் ஒரு காட்சியை முப்பது முறை எடுக்கிறோம், செலவில்லை. செலவில்லாததால் யோசனையும் குறைந்து விட்டது. "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று எல்லாவற்றையும் பதிவு செய்து கொள்கிறோம். முன்னால் நிற்பவருக்கு அது என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க நேரம் எடுப்பதில்லை.

கொப்பி கிழிந்தால் என்ன செய்வது?

குறும்படம் சிறியது, ஒரு கேள்விக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. இதற்கும் நல்ல உதாரணம் கியாரொஸ்தமியிடமே கிடைக்கிறது. 1975இல் அவர் எடுத்த 'ஒரு பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகள்' என்ற படம் ஐந்து நிமிடம் அளவுதான் ஓடும். தாரா, நாதிர் என்று இரண்டு பாடசாலை நண்பர்கள். நாதிரிடம் வாங்கிய கொப்பியைத் தாரா கிழிந்த நிலையில் திருப்பிக் கொடுக்கிறான். முதலாவது தீர்வில் நாதிர் தாராவின் பொருளைப் பாழாக்குகிறான். தாரா பதிலுக்கு ஒன்றை உடைக்கிறான். பென்சில், சட்டை என்று போய்க் கடைசியில் இருவருக்கும் காயம். இரண்டாவது தீர்வில் தாரா பசை எடுத்துக் கொப்பியை ஒட்டிக் கொடுத்து விடுகிறான். இருவரும் நண்பர்களாகவே இருக்கின்றனர்.

ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் சொல்லக் கூடிய கதை இது. நட்சத்திர நடிகர் இல்லை, பாட்டு இல்லை. பார்த்த பிள்ளைக்கு மறக்காது. "சினிமா என்றால் கெட்டுப் போவது" என்று சொல்லும் உறவினருக்கு இந்த ஐந்து நிமிடத்தைக் காட்டலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பிலிம் இல்லாத கெமரா

அவரது 'பயணி' என்ற படம் 1974இல் வெளியானது. குறும்படத்தை விட நீண்டது. சிறு நகரமொன்றில் வாழும் காஸிம் என்ற சிறுவனுக்குத் தெஹ்ரான் சென்று உதைபந்தாட்டப் போட்டி ஒன்றைப் பார்த்து விட வேண்டும் என்ற வெறி. பணத்துக்கு வழியில்லை. ஒரு பழைய கெமராவைத் தூக்கிக் கொண்டு, பாடசாலைப் பிள்ளைகளிடம் காசு வாங்கிப் படம் பிடிப்பது போல் பாசாங்கு செய்கிறான். கெமராவுக்குள் பிலிம் கிடையாது. அது தெரியாத பிள்ளைகள் சட்டையைச் சரி செய்து, முகத்தைத் துடைத்து, அவன் சொன்னபடி நின்று சிரிக்கின்றனர்.

படம் எடுப்பவர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய காட்சி அது. கெமராவின் முன் நிற்பவர் தம்மையே நம்பி ஒப்படைக்கிறார். அந்தப் படம் எங்கே போகும், யார் பார்ப்பார், என்ன சொல்லி அதைக் காட்டுவார்கள் என்பது ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் கெமரா வைத்திருப்பவர் மட்டுமே. மார்க்கத்தில் நாம் அமானிதம் என்று சொல்வது இதைத்தானே? பிறர் பொருள் நம் கையில் இருக்கிறது. அவர் நம்மை நம்புகிறார். பணமாயிருந்தால் எண்ணித் திருப்பிக் கொடுத்து விடலாம். ஒருவரது முகத்தையும் கண்ணீரையும் எண்ணித் திருப்பிக் கொடுப்பது எப்படி?

ஆறு விநாடிகள்

எங்கள் பாடநெறியில் ஒவ்வொரு மாணவரும் பத்து நிமிடத்துக்குள் ஒரு படம் எடுக்க வேண்டும். ஐந்து பேர் ஒரு குழு. ஒருவர் நெறியாள்கை செய்ய, மற்றவர்கள் கெமரா, ஒலி, ஒளி, தொகுப்பு என்று பிரித்துக் கொள்வோம். என் முறை வந்தபோது, கொழும்பில் மாடி வீடொன்றில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு தாயைப் பற்றி எடுக்க நினைத்தேன். பேசப் போன முதல் நாளே அவர் ஒரு நிபந்தனை வைத்தார். முகம் வரக் கூடாது. கணவர் மௌத்தாகி அதிக காலம் ஆகவில்லை. தம் கஷ்டத்தைச் சொந்தக்காரர்கள் படமாகப் பார்ப்பதை அவர் விரும்பவில்லை.

கெமரா இல்லாமலே பல நாட்கள் போய் வந்தோம். ஸுபஹுக்கு முன்பே அவரது வேலை தொடங்கி விடும். மா குழைக்கும் கை, உரலை அழுத்தும்போது புடைக்கும் மணிக்கட்டு, அடுக்கி வைத்த தட்டுகள், குசினி முழுவதும் ஆவி, பாங்குச் சத்தம், பாடசாலைச் சீருடையோடு சைக்கிளில் இடியப்பப் பெட்டியைக் கட்டும் மூத்த மகன். முகம் இல்லாமலேயே சொல்வதற்கு இவ்வளவும் இருந்தன. ஒலிப்பதிவு செய்த தோழிக்குத்தான் அதிக வேலை. முகம் காட்டாத படத்தில் குரலும் மூச்சும்தான் ஆளைக் காட்டும்.

படப்பிடிப்பின்போது ஒரு நாள் காலை, மகன் ஏதோ வேடிக்கை சொல்ல, அந்தத் தாய் திரும்பிச் சிரித்தார். ஆவி விலகிய நேரம். ஆறு விநாடிகள் அவரது முகம் முழுமையாகப் பதிவாகி விட்டது. தொகுப்பு மேசையில் பார்த்தபோது, படத்திலேயே அழகான காட்சி அதுவே என்று குழுவில் அனைவரும் சொன்னார்கள். போட்டிக்கு அனுப்பினால் அந்த ஆறு விநாடிக்காகவே பரிசு கிடைக்கும் என்றார் ஒருவர். "வெளியூரில் காட்டும்போது மட்டும் சேர்த்துக் கொள்வோம், அவருக்குத் தெரியவா போகிறது?" என்று இன்னொருவர் கேட்டார்.

அக்காட்சியை எடுத்துக் கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். அவர் இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் ஈக்கிது மகள். ஆனா வாணாம்" என்றார். மகனிடம் மட்டும் வைத்துக் கொள்ளக் கொடுக்கும்படி கேட்டார். கொடுத்தோம். படத்திலிருந்து அது நீங்கியது. எங்களிடமிருந்த பிரதியும் அழிக்கப்பட்டது. வகுப்பில் திரையிட்டபோது, "முகமே இல்லாமல் ஒரு மனுஷியைப் பற்றிப் படமா?" என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தாய் தம் பிள்ளைகளோடும் அடுத்த வீட்டுக்காரியோடும் இருந்து படத்தைப் பார்த்தார். இன்றும் அவ்வீட்டுக் கதவு எங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

காட்டுவதும் மறைப்பதும்

முகத்தை மறைப்பதுதான் எப்போதும் மரியாதை என்றும் சொல்வதற்கில்லை. ஈரானின் பெண் கவிஞர் பொரூக் பரோக்ஸாத் 1962இல் 'வீடு கறுப்பு' என்ற ஆவணப் படத்தை எடுத்தார். தப்ரீஸ் நகருக்கு அருகில் தொழுநோயாளர் வாழ்ந்த ஒரு குடியிருப்பில், பன்னிரண்டு நாட்களில் எடுக்கப்பட்ட இருபது நிமிடப் படம் அது. நோயினால் உருமாறிய முகத்தோடு ஒரு பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் கொள்வதை அவர் தயங்காமல் காட்டினார். உலகம் முகம் திருப்பிக் கொண்ட மனிதர்கள் தொழுவதையும், அவர்களது பிள்ளைகள் படிப்பதையும் பந்தடிப்பதையும், அங்கே நடக்கும் கலியாணத்தையும் காட்டினார். அந்நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பதையும் படம் எடுத்துச் சொன்னது. அங்கே முகத்தைக் காட்டியதுதான் மரியாதை. படம் முடிந்ததும் அவரது கடமை முடிந்து விடவில்லை. அக்குடியிருப்பிலிருந்த ஒரு சிறுவனைப் பொறுப்பேற்றுத் தம் பிள்ளையாக அழைத்து வந்தார்.

மறுபக்கத்தில், காட்டக் கிடைத்ததைக் காட்டாது விடுவதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கியாரொஸ்தமி 1989இல் 'வீட்டுப்பாடம்' என்ற ஆவணப் படத்தை எடுத்தார். தெஹ்ரான் பாடசாலை ஒன்றின் சிறுவர்களை ஒவ்வொருவராக இருத்தி, வீட்டில் யார் பாடம் சொல்லித் தருகிறார், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்கிறார். தண்டனை என்றால் என்னவென்று பிள்ளைகள் பலரும் உடனே சொல்கின்றனர். பெல்ட் அடி பற்றியும் சொல்கின்றனர். பாராட்டுதல் என்றால் என்னவென்று கேட்டால், அந்தச் சொல்லே தெரியாமல் பலர் விழிக்கின்றனர். பெற்றோர் அனைவரும் காண வேண்டிய படம் அது.

அதில் பாடசாலை முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று மார்க்க நிகழ்வொன்றில் பங்கு கொள்ளும் காட்சி வருகிறது. சிறு பிள்ளைகள் அல்லவா? ஒருவரையொருவர் தள்ளி விளையாடுகின்றனர். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். கியாரொஸ்தமி அந்த இடத்தில் ஒலியை நிறுத்தி விடுகிறார். நிகழ்வின் கண்ணியத்தை முன்னிட்டே அவ்வாறு செய்வதாகப் படத்திலேயே சொல்கிறார். படம் மட்டும் சத்தமின்றி ஓடுகிறது.

அதே படத்தில் இன்னொரு சிறுவன் கெமராவைக் கண்டு நடுங்குகிறான். நண்பன் பக்கத்தில் இல்லாவிட்டால் பேச மாட்டேன் என்று அழுகிறான். அவன் அழுவதையும் கெமரா பதிவு செய்கிறது. அதைப் பார்க்கும்போது என் மனம் இரண்டாகி விடும். பிள்ளைகளின் அச்சத்தைப் பெரியவர்களுக்குக் காட்ட அக்காட்சி உதவியது உண்மை. ஆனாலும் அழும் பிள்ளை முன்னால் கெமரா ஓடிக் கொண்டிருக்க வேண்டுமா? பெரிய கலைஞர் செய்தார் என்பதற்காக அக்கேள்வியைக் கைவிட நான் தயாரில்லை. நானாயிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

படம் முடிந்த பிறகு

வட ஈரானில் கோக்கர் என்ற கிராமத்துப் பிள்ளைகளை வைத்துக் கியாரொஸ்தமி 'நண்பனின் வீடு எங்கே?' என்ற படத்தை எடுத்தார். அது 1987இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளின் பின் 1990 ஜூன் மாதத்தில் அப்பகுதியைக் கடும் பூகம்பம் தாக்கியது. முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். செய்தி கேட்டதும் கியாரொஸ்தமி தம் மகனை அழைத்துக் கொண்டு, இடிபாடுகள் நிறைந்த பாதைகளில் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் புறப்பட்டார். முக்கிய பாத்திரங்களில் நடித்திருந்த இரு சிறுவர்களும் உயிர் தப்பியிருந்தனர். அந்தத் தேடலே 1992இல் இன்னொரு படமாயிற்று. 1994இல் வந்த அடுத்த படத்தில் அவ்விருவரையும் வளர்ந்த பிள்ளைகளாகக் காணலாம்.

உலகப் புகழும், 1997இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதும் அவருக்குக் கிடைத்தன. 2016இல் அவர் காலமானார். விருதை விட, அந்த இடிந்த பாதையில் அவர் ஓட்டிச் சென்ற காரே என் நினைவில் முதலில் வருகிறது. எங்களுக்கு நடித்துத் தந்தவர், எங்களை வீட்டுக்குள் விட்டவர், படம் முடிந்த மறுநாள் எப்படி இருக்கிறார் என்று கேட்டுப் பார்ப்பதும் நெறியாள்கையில் ஒரு பகுதியே.

நம் வீட்டுக் கெமராக்கள்

இவையெல்லாம் படம் எடுக்கப் படிப்பவர்களின் கவலை என்று ஒதுக்கி விட வேண்டாம். நோன்பு மாதத்தில் உலர் உணவுப் பொதி வழங்கும்போது வரிசையில் நிற்கும் தாய்மாரைப் படமெடுத்து ஊர் முழுக்க அனுப்புகிறோம். பொதியின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறு முனையை வாங்குபவரும் பிடித்திருக்க, இருவரும் கெமராவைப் பார்க்க வேண்டுமாம். தந்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். கணக்கைப் பொதிகளின் எண்ணிக்கையாலும் பற்றுச்சீட்டாலும் காட்ட முடியாதா? அந்த வரிசையில் நின்ற தாயின் மகள் நாளை பாடசாலையில் யார் முகத்தில் விழிப்பாள்? வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவரையும் மையித்து வீட்டில் அழுபவரையும் கூட நாம் விட்டு வைப்பதில்லை. வாங்குபவர் மறுத்துப் பேச முடியாத நிலையில் இருக்கும்போது எடுக்கும் படத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியாது.

பிள்ளைகள் யாராவது "நான் படம் எடுக்கப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், பெற்றோர் உடனே கோபிக்க வேண்டாம். எதைப் பற்றி எடுக்கப் போகிறாய், அது யாருக்குப் பயன், அவரிடம் கேட்டாயா என்று கேளுங்கள். முதல் கேள்வி நிய்யத்தைப் பற்றியது. இரண்டாவது உழைப்பைப் பற்றியது. மூன்றாவது அமானிதத்தைப் பற்றியது. மூன்றுக்கும் நேரான பதில் சொல்லும் பிள்ளையின் கையில் கெமராவைக் கொடுப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நம் சமூகத்தில் சொல்லப்படாத கதைகள் குசினிகளிலும் ஒழுங்கைகளிலும் நிறையவே கிடக்கின்றன. அவற்றை அக்கறையோடும் கண்ணியத்தோடும் சொல்ல நம் பிள்ளைகள் வர வேண்டும். வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.